காணோம் என்று எழுதியிருக்கலாம்

கொத்தனார் வேலையை ஆரம்பித்துவிட்டார். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகளில் முப்பத்தெட்டு முடிந்திருக்கிறது, மிச்சமும் முடிய இருபத்தாறு இருபத்தேழு நிமிஷம் பிடிக்கும், அதற்குள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிய தேவசிகாமணி எழுந்திருக்கவில்லை, தள்ளின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் என்றால் ஆளல்ல. கரண்டியும் கிடையாது, மட்டப்பலகையும் கிடையாது. தோட்டத்துப் பம்புசெட்டை வீட்டிலிருந்தே செல்போனில் ஓடவிட்டு நிறுத்துகிற சின்னப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி இது. சரவணம்பட்டியில் மூன்று மாடி, பின்னால் மோட்டார்களைச் சோதிக்கிற ஒரு தகரக் கொட்டகை. அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளை ஆயிரக்கணக்கான துண்டுகளிலிருந்து ஒன்றாகக் கட்டித் தருகிற கருவிக்குத்தான், கட்டுகிற வேலை பார்ப்பதால், கொத்தனார் என்று பெயர். பெயர் வைத்தவர் தேவசிகாமணி. “கொத்தனார் கோவிச்சுக்கிட்டாரு”, “கொத்தனாருக்கு இன்னிக்கு லீவாட்ட இருக்குது” என்று மூன்று மாடியிலும் கிண்டல் நடக்கும்போதெல்லாம் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவருக்கு ஒரு பூரிப்பு வரும். இன்று வரவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. மூன்று இருபதுக்கு மீட்டிங். மேனேஜர் சுதர்சனம் ஒரு தாளை நீட்டுவார், வியாழக்கிழமை கொட்டகையில் பதினோரு மோட்டார் கருகியது யாரால் என்று அதில் ஒரு பெயர் இருக்கும், கருவிக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் தேவசிகாமணி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் முபீனாவுக்கு வேலை நிரந்தரமாகாது. எட்டு மாசமாக வேலை பார்க்கிறவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாளில் இருக்கும் பெயர் அவளுடையது. தப்பும் அவளுடையதுதானா என்கிற இடத்தில்தான் மனசு முட்டிக்கொண்டு நிற்கிறது, கூடவே காலும் நின்றுவிட்டது, டீ எங்கே குடிக்க.

கொத்தனாரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனி அறையில் போட்டு அடைத்துத்தான் வேலை செய்யவிடுவார். ஊர் உலகத்தில் இதற்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர், இந்த ஆபீஸில் வெறும் அறை. எந்தெந்தச் சாமான் வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதித் தந்துவிட வேண்டும். சீட்டில் எழுதியது மட்டும் உள்ளே போகும். எழுதாதது அறைக்கு வெளியே வாசலிலேயே கிடந்தாலும் உள்ளே இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. இப்படிக் கட்டுப்பாடு வைக்காவிட்டால் ஒருவர் கம்ப்யூட்டரில் கட்டியது ஓடும், இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டியது ஓடாது, யார் மேஜையில் எது தற்செயலாகக் கிடந்தது என்று தேடியே ஆயுசு போகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் சாமான் கிடைக்காமல் ஒரு கட்டளை தோற்றுப்போனால் கொத்தனார் என்ன செய்வார் என்றால், அறையை அந்த நிமிஷமே இடித்து, மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். ‘கட்டளை தோற்றது. கோப்பு இல்லை: வோல்டேஜ் பட்டியல்.’ அவ்வளவுதான். எங்கே தேடினார், எந்த அறை, ஏன் கிடைக்கவில்லை, மூச்சு விடமாட்டார். கம்பெனிக் கருவிகள் தமிழில்தான் பேச வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம், கொட்டகையில் இருக்கிறவனுக்கும் புரிய வேண்டுமாம்; தமிழில் பேசித்தான் கொத்தனார் இத்தனை பேரை அழவைத்திருக்கிறார். நூற்றுத் தொண்ணூறு. பின்னால் கொட்டகையிலிருந்து மோட்டார் சத்தம் வந்துகொண்டிருக்கிறது, எப்போதும் வருகிற சத்தம்தான், பதினொன்று குறைந்ததில் ஒரு பக்கம் காலியாகிப் போன மாதிரி கேட்கிறது. அல்லது எண்ணிக்கை தெரிந்த காதுக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்னவோ.

நடந்தது சின்ன விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ நல்லெண்ணத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வோல்டேஜ் பட்டியலை வேறொரு இடத்துக்கு மாற்றினார்கள். எந்த மோட்டார் எத்தனை வோல்ட் வரை தாங்கும், எதற்கு மேலே போனால் பெட்டி அதை நிறுத்திவிட வேண்டும் என்கிற பட்டியல் அது. பழைய மாடல்களின் சீட்டையெல்லாம் திருத்தியவர்கள் புது மாடலின் சீட்டை மறந்துவிட்டார்கள். புது மாடல் முபீனா கையில். அவள் கட்டச் சொன்னாள், கோப்பு இல்லை என்றார் கொத்தனார். இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். பிறகு, இல்லை என்று இத்தனை உறுதியாகச் சொல்கிறாரே, யாரோ அழித்துவிட்டார்கள் போல என்று நம்பி, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரதியைத் தேடி எடுத்து, அதே பெயரில் ஒன்றை உண்டாக்கி அறைக்குள் வைத்தாள். கொத்தனார் சந்தோஷமாகக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பழைய பட்டியல் பழைய காயிலுக்கானது, கனமான கம்பிச் சுற்று, கூடுதலாகத் தாங்கும். வியாழக்கிழமை மத்தியானம் கொட்டகையில் வேண்டுமென்றே வோல்டேஜை ஏற்றிச் சோதித்தபோது நிறுத்த வேண்டிய பெட்டிகள் நிறுத்தவில்லை. புகை தெரிவதற்கு முன்னால் வாசம் வந்தது. முதலில் எழுந்து ஓடியது முபீனாதான். உக்கடத்தில் அவளுடைய மாமா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, கருகின காயிலைப் பிரித்துப் புதுசாகக் கட்டித் தருகிற பட்டறை வைத்திருக்கிறார், சின்ன வயசிலிருந்து அந்தப் பட்டறையில் வளர்ந்தவள், வார்னிஷ் கருகுகிற வாசம் மூக்கில் பட்டதுமே ‘காயில் போச்சு, காயில் போச்சு’ என்று கத்திக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். மெயினை அணைத்தது அவள். பன்னிரண்டாவது மோட்டார் பிழைத்தது அவளால். அது எந்தத் தாளிலும் வராது. முந்நூறு, முந்நூற்று இருபது, வேகம் எடுத்துவிட்டது.

இப்போது ஓடுவது அவள் எழுதிய மாற்றம். வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் அவள் சேர்த்திருக்கிறாள். இன்னொருத்தராக இருந்தால் அந்த மூன்று நாளும் தன் பக்கத்து நியாயத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், தேவசிகாமணியே அப்படித்தான் செய்திருப்பார், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இவள் உட்கார்ந்து கொத்தனாருக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பதினாலு செய்திகளை மாற்றியிருக்கிறாள். திரையின் இன்னொரு பக்கத்தில் அதில் முதலாவது திறந்து கிடக்கிறது, காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை படித்துவிட்டார், இன்னும் ஒரு தடவை. ‘கட்டளை பாதியில் நின்றது. அதற்கு வோல்டேஜ் பட்டியல் தேவைப்பட்டது, இந்த அறைக்குள் காணோம். அறைக்கு வெளியே அதே பெயரில் ஒன்று இருக்கிறது.’ அடுத்த வரியில் அது இருக்கும் இடம், முழு முகவரி. ‘சீட்டில் எழுத விட்டுப்போயிருக்கலாம். புதிதாக ஒன்றை உண்டாக்கி வைக்க வேண்டாம். அறையை இடிக்காமல் விட்டிருக்கிறேன், உள்ளே போய்ப் பார்க்கலாம்.’ அதற்குக் கீழே தோற்ற கட்டளை முழுசாக, அப்படியே எடுத்துத் திரும்ப ஓட்டிப் பார்க்கத் தோதாக. வெளியே போய்த் தேடுவது நேரத்தைத் தின்னுமே என்று முதலில் நினைத்தார். தோற்றால் மட்டும்தான் தேடவிடுகிறாள், ஜெயித்த கட்டளைக்கு ஒரு நொடிகூடக் கூடவில்லை, அதையும் அளந்து வைத்திருக்கிறாள். அடேயப்பா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார் காலையில், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே தேடியபோது அகப்பட்டது ஒன்றே ஒன்று. விட்டிருக்கிறேன். யார் அந்த நான்? கருவி நான் என்று சொல்லலாமா? விடப்பட்டுள்ளது என்றல்லவா இருக்க வேண்டும், அதுதானே முறை. ஒன்பது வருஷமாகக் கொத்தனார் அப்படித்தான் பேசுகிறார். அனுமதி மறுக்கப்பட்டது. அறை அகற்றப்பட்டது. வேலை நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்டது என்றால் யார் நிறுத்தினார்கள்? மறுக்கப்பட்டது என்றால் மறுத்த மகராசன் யார்? இந்தப் பட்டதும் உள்ளதும் இருக்கிறதே, நல்ல வசதியான சாமான், செய்தவன் ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் தமிழில் கிடையாது. நேற்று, திங்கட்கிழமை, சுதர்சனம் விளக்கம் கேட்டபோது தேவசிகாமணி எழுதிக் கொடுத்ததும் அதேதான். ‘கோப்பைக் கையாள்வதில் தவறு நிகழ்ந்துள்ளது.’ நிகழ்ந்துள்ளதாம், மழை பெய்துள்ளது என்கிற மாதிரி. சுதர்சனம் கெட்ட மனுஷன் அல்ல, வேலையை முடிக்க வேண்டும் என்கிற மனுஷன். படித்துவிட்டு, “யார்னு ஒரு பேரைப் போடுங்க சார், மேல கேக்கறாங்க” என்று திருப்பி அனுப்பினார். தேவசிகாமணி போடவில்லை. போடாமல் விட்டதால் சுதர்சனமே போட்டுக்கொண்டார். போடாமல் விட்டது நல்ல காரியம் என்று ராத்திரி படுக்கும்போது தோன்றியது, காலையில் பல் தேய்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் போட வேண்டிய பெயர் ஒன்று அவருக்குத் தெரியும். கோப்பு இல்லை என்கிற அந்த வரியை எழுதியது யார் என்று கொத்தனாரின் சரித்திரத்தைப் புரட்டினால் வராது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்குக் கொண்டுவந்தபோது பழைய வரிகள் அத்தனைக்கும் ‘பழையது’ என்று ஒரே பெயர் விழுந்துவிட்டது. அப்போது கொத்தனாரை எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஜெர்மனியில். மூன்றாவது ஆள், செய்திகளையெல்லாம் எழுதிய ஆள், இங்கே நாற்காலியில் ஆயிரத்து நூறு ஆயிரத்து நூற்றுப் பத்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்காவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும்? கொத்தனாருக்கு அப்பன் என்று இத்தனை வருஷம் வளைய வந்ததெல்லாம் என்ன ஆகும்? பயமாகத்தான் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயசில் மூன்று மாடிக்கும் முன்னால் நான்தான் எழுதினேன் என்று சொல்வது சும்மாவா.

எழுதியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது நாள் முபீனா ஆபீஸ் குரூப்பில் கேட்டாள். ‘வோல்டேஜ் பட்டியல் இல்லைன்னு வருதுங்க, யாருக்காவது இப்படி வந்திருக்குங்களா?’ தேவசிகாமணிக்கு அன்றைக்கு வேறு என்னமோ அவசரம், என்ன அவசரம் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, போனை ஒரு கையில் வைத்துக்கொண்டே தட்டினார். ‘செய்தியிலேயே இருக்கேம்மா. படிச்சுப் பாரு.’ கீழே நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவள் ‘சரிங்ண்ணா’ என்று போட்டாள். படித்துப் பார்த்திருக்கிறாள். கோப்பு இல்லை என்று இருந்தது. இல்லை என்றால் இல்லைதானே. அவர் சொன்னபடிதான் செய்திருக்கிறாள், எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள், அதுதான் அவள் செய்த குற்றம். போனை எடுத்து அந்த நாலு சிரிப்புப் பொம்மையையும் இன்னொரு தடவை பார்த்தார்.

இல்லை. அதே வார்த்தையை அவரும் ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்னூர் ரோட்டில் அப்பா மொபெட்டோடு விழுந்தார் என்று யாரோ போன் பண்ணிச் சொன்னபோது அவர் ஓடிப்போய் நின்ற ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், “அந்தப் பேர்ல யாரும் இல்லீங்க” என்றாள். இன்னொரு தடவை பாருங்கம்மா என்றார். பார்த்தாள். இல்லீங்க. அதை நம்பி வெளியே வந்து, வேறொரு ஆஸ்பத்திரி, அங்கேயும் இல்லை, இன்னொன்று, போலீஸ் ஸ்டேஷன், ஒவ்வொரு இடத்திலும் படியேறி அதே கேள்வி. பிணவறையில் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மூன்று மணி நேரம். அப்பா முதல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அந்தக் கவுண்டருக்குப் பின்னால், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவசரப் பிரிவில், கையில் கட்டோடு. அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் வார்டில் சேர்ந்தவர்கள் பட்டியல் மட்டும்தான் தெரியும். அவசரப் பிரிவு வேறு பட்டியல். அவளுக்கு அது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? என் பட்டியலில் காணோம்ங்க, அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. “எங்கடா போயித் தொலைஞ்சே?” என்று அப்பா கேட்டபோது அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இன்றைக்கும் அன்னூரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா அந்த மூன்று மணி நேரத்தைச் சொல்லிச் சிரிக்கிறார், தேவசிகாமணிக்குச் சிரிப்பு வருவதில்லை. அது எந்த வருஷம்? தை மாசம். பழைய ஆபீஸில் இருந்தபோது. கொத்தனாரை எழுத ஆரம்பித்தது அதற்கு அடுத்த ஆடியில். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கொத்தனார். இன்னொரு தடவை எண்ணினார், மாறவில்லை. அந்தக் கவுண்டர்ப் பெண்ணை மனசுக்குள் திட்டித் தீர்த்து ஆறு மாசம் ஆவதற்குள் தானே ஒரு கவுண்டரைக் கட்டி, தானே உள்ளே உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஒன்பது வருஷம், முந்நூறு பேருக்கு.

“ஏனுங்ண்ணா, எத்தனை ஆச்சு?”

முபீனாதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள், தலைத்துணியில் கொட்டகைத் தூசி, கையில் ஒரு ரசீதுப் புத்தகம்.

“ரெண்டாயிரத்தி எழுநூறும்மா.”

“எங்கயும் நிக்கலீங்ளே?”

“நிக்கல.”

“ஒண்ணு நின்னாக்கூட நல்லதுதானுங்ண்ணா. செய்தி எப்படி வருதுன்னு பாத்துக்கலாம்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார். “மாமா வண்டி அனுப்பியிருக்காருங்க. பதினொண்ணையும் பட்டறைக்கு ஏத்திட்டிருக்காங்க. அடுத்த வாரத்துக்குள்ள கட்டிக் குடுத்துருவாரு.”

“நீயா ஏற்பாடு பண்ணினே?”

“வெளில குடுத்தா ஒரு மாசம் இழுப்பாங்கண்ணா.”

“மீட்டிங்குக்கு உன்னையும் வரச் சொல்லியிருக்காங்களா?”

“ம். சுதர்சனம் சார் சொன்னாருங்க.” ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பிரித்து மூடினாள். “வீட்ல இன்னும் சொல்லலீங்ண்ணா. பாப்பாவுக்கு இந்த வருஷம்தான் ஸ்கூல் மாத்தினோம். என்னன்னு தெரிஞ்சுட்டுச் சொல்லலாம்னு.”

அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழேயிருந்து வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், அவள் போய்விட்டாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சொல்லாமல் எத்தனை ஆச்சு என்று கேட்டவளுக்கு எண்ணிக்கை சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாயிரத்து இருநூறு. மாற்றத்தோடு அவள் ஒன்பது பக்கக் குறிப்பு ஒன்றையும் வைத்திருந்தாள், செய்திகளை ஏன் மாற்றினேன் என்று, காலையில் முதல் ஆறு பக்கம்தான் படித்திருந்தார், மனசை வேறு எதிலாவது போடுவோம் என்று ஏழாவது பக்கத்தைத் திறந்தார். அதில் ஒரு சோதனை. ஐந்து பேரிடம் பழைய செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டது ஒரே கேள்வி. இது வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? புரிகிறதா என்று கேட்கவில்லை, நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள். தேவசிகாமணி ஒன்பது வருஷத்தில் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. செய்தி என்றால் நடந்ததைச் சொல்வது என்றுதான் அவர் நினைத்திருந்தார், படிக்கிறவன் கை அடுத்து எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இவள் யோசித்திருக்கிறாள், எவ்வளவு எளிதாக, பட்டறையில் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறவள் யோசிக்கிற மாதிரி. மெச்சாமல் இருக்க முடியவில்லை, மெச்ச மெச்ச உள்ளே சுருக்கென்றது. கீழே பதில்கள். சோதனைக் கொட்டகை ஊழியர்: புதுசா ஒண்ணு உண்டாக்குவேன். இரண்டாம் மாடிப் பொறியாளர்: பழைய பிரதியைத் தேடி வைப்பேன். ஆறு மாத அனுபவம் உள்ளவர்: பக்கத்துல கேப்பேன். எட்டு வருட அனுபவம் உள்ளவர்: உண்டாக்குவேன். ஐந்தாவது, கருவியை நன்கு அறிந்தவர்: உண்டாக்க வேண்டியதுதான், வேறென்ன.

வேறென்ன. அந்த வேறென்னவை அவருக்குத் தெரியும். சனிக்கிழமை தண்ணீர் பிடிக்கிற இடத்தில், டம்ளர் நிறைந்துகொண்டிருக்கும்போது, முபீனா பக்கத்தில் வந்து, “அண்ணா, சும்மா கேக்கறேன், கோப்பு இல்லைன்னு ஒரு செய்தி வந்தா என்ன செய்வீங்க?” என்றாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உண்டாக்க வேண்டியதுதான், வேறென்ன. அவரேதான். எழுதியவரே, அறையைக் கட்டியவரே, சீட்டைக் கண்டுபிடித்தவரே, அந்த வரியைக் கேட்டதும் முபீனா செய்ததையேதான் செய்வேன் என்று சொல்லியிருக்கிறார். இதை ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்திருக்கலாம்! இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துச் சுதர்சனம் மேஜையில் வைத்தால் போதும், பாருங்க, உங்க தேவசிகாமணியே இதைத்தான் செய்வாராம் என்று ஒரு வார்த்தை போதும். பெயர் போடவில்லை. கருவியை நன்கு அறிந்தவர். கிண்டலாகக்கூட எழுதவில்லை, மரியாதையாக எழுதியிருக்கிறாள். கீழே ஒரே வரி முடிவு: ‘ஐந்தில் நான்கு பேர் தவறான கோப்பை உண்டாக்குகிறார்கள். புதிய செய்தியை வேறு ஐந்து பேரிடம் படித்துக் காட்டியபோது ஐந்து பேரும் சீட்டைத் திறக்கிறார்கள்.’ தன்னைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அந்த நான்கோடு சேர்த்தால் நான் ஐந்தாவது என்றுகூட எழுதவில்லை. இந்த மாதிரி ஒரு ஆளோடு ஒரே கூரைக்குக் கீழே எட்டு மாசமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். வெட்கத்தாலா பெருமையாலா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நாலாயிரத்து எண்பது. நாலாயிரத்து நூற்றொன்று. திரை பச்சையானது. தோல்வி ஒன்றும் கிடையாது, இருபத்தாறு நிமிஷம் நாற்பது நொடி, முந்தியதைவிட ஒரு நொடிகூட ஏறவில்லை. ஏற்கிறேன் என்கிற பொத்தானை அழுத்தினார். விட்டிருக்கிறேன் என்பதை அப்படியே விட்டுவிட்டார். பிறகு எழுந்தார்.

சுதர்சனத்தின் அறை சின்னது, மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். தாள் மேஜையில் தயாராக இருந்தது. காரணம், மனிதத் தவறு. தவறியவர், முபீனா. பேனா மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது, கழற்றி வைத்தவர் சுதர்சனம்.

“ரெண்டு நிமிஷ வேலைங்க சார். கையெழுத்துப் போட்டீங்கன்னா மேல அனுப்பிடுவேன்.”

“அந்த வரியை எழுதினது நான்” என்றார் தேவசிகாமணி.

“எந்த வரி?”

“கோப்பு இல்லைன்னு கொத்தனார் சொன்னாருல்ல. அது பொய். கோப்பு இருந்துச்சு, அறைக்கு வெளிய இருந்துச்சு. காணோம்னு எழுதியிருக்கலாம், இல்லைன்னு எழுதினேன். இந்தப் பொண்ணு குரூப்ல கேட்டப்ப செய்தியைப் படிச்சுப் பாருன்னு சொன்னதும் நாந்தான். படிச்சா. நம்பினா.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. சுதர்சனம் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லைன்னா என்ன, காணோம்னா என்னங்க சார்? ரெண்டும் ஒண்ணுதானே?”

“வண்டிச் சாவியைக் காணோம்னா தேடுவீங்க. இல்லைன்னா புதுசு செய்யக் குடுப்பீங்க. அவ செய்யக் குடுத்தா.”

முபீனாதான் பேசினாள், மெதுவாக. “பழைய பட்டியல்ல தேதி போட்டிருந்துச்சுங்க. பார்க்காம எடுத்தது நாந்தான். அதையும் எழுதிக்கோங்க சார்.”

“எழுதறேன். ஆனா அது அடுத்த வரில வரும்” என்று தேவசிகாமணி பேனாவை எடுத்தார். முபீனாவின் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே தன் பெயரை முழுசாக எழுதினார்.

“சார், ஒண்ணு யோசிச்சுக்கோங்க. இந்த இடத்துல பேர் வந்தா ஒரு வருஷத்துக்குக் கருவிப் பொறுப்புல இருக்க முடியாது. விதி அப்படி.”

“தெரியும். அந்த விதியை எழுதினதும் நான்தான்.”

சுதர்சனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “அப்ப கொத்தனாரை யார் பாத்துக்கறது?”

தேவசிகாமணி பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சுதர்சனமும் பார்த்தார். கொஞ்ச நேரம் தாளைத் தட்டிக்கொண்டே யோசித்துவிட்டு, “உனக்குச் சம்மதமாம்மா?” என்றார்.

முபீனா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “கொத்தனார் மொத்தம் முன்னூத்தி நாப்பது செய்தி பேசுவாருங்க சார். நான் மாத்தினது பதினாலுதான். மிச்சத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து ஆளுங்ககிட்டப் படிச்சுக் காட்டி, என்ன செய்வீங்கன்னு கேக்கணும். அத்தனையும் அண்ணா எழுதினது. அண்ணாகிட்டத்தான் முதல்ல படிச்சுக் காட்டுவேன். அதுக்கு அண்ணா ஒத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்ங்க.”

முந்நூற்று இருபத்தாறு தடவை. முந்நூற்று இருபத்தாறு தடவை தான் எழுதியதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

“படிச்சுக் காட்டுங்க” என்றார் தேவசிகாமணி. “கேட்டுக்கறேன்ங்க.”

எட்டு மாசமாக அவளை நீ, வா, போ என்று பேசியவர். சுதர்சனம் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.